வலிச்சா மட்டும் போடுங்க

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், நம் தெரு டீக்கடையில் உளுந்து வடையின் ஓட்டை பெரிதாகிவிட்டது. வடை அதைச் சுற்றி ஒப்புக்கு இருக்கிறது. தினமும் இப்படி ஒரு செய்தியை நான் கைபேசியில் அனுப்பினால்தான் பாரூக் அண்ணனுக்குப் பொழுது விடியும். அன்று பதிலுக்கு அவர் தம்பி கூப்பிட்டார். "அண்ணன் மௌத்தாயிட்டாங்கப்பா." பட்டப்பகலில், நேர்ரோட்டில், கண் அசந்து பைக்கோடு வாய்க்காலில் விழுந்திருக்கிறார்.

துக்கம் கேட்க வந்த நீங்கள் எல்லோரும் விதி என்றீர்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

போன குறுவை அறுவடையில், தான் ஓட்டுகிற அறுவடை இயந்திரத்தில் சிக்கிய வைக்கோலை இழுக்கப்போய் அண்ணனின் வலது கை விரல்கள் வெட்டுப்பட்டன. தஞ்சாவூரில் தசைநாரைத் தைத்தார்கள். பார்க்கப் போன நான், "அறுவடைக்குப் போனவரு அறுவைக்கு வந்துட்டீங்களே" என்றேன். "உன் அறுவைக்கு இது தேவலடா" என்றார்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்தது, தூக்கம் தள்ளுகிற அபின் வகை வலி மாத்திரை. "வலிச்சா மட்டும் போடுங்க" என்றார்களாம். வண்டி ஓட்டுகிற மனிதர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? டீசல் ஊற்றுகிற மாதிரி, கிளம்புமுன் ஒன்று. "வலி ஏறுறதுக்குள்ள நாம வண்டியில ஏறிடணும்டா" என்பார். கட்டுப் பிரித்த கையோடு, சீசன் முடியுமுன்பே ஏறியும்விட்டார். 'போதும், இறங்கு' என்று சொல்ல வேண்டிய வலியின் வாயை மாத்திரை அடைத்துவிட்டது. தையல் விட்டது அவருக்கே தெரியவில்லை.

மறுபடியும் தைத்தார்கள். விரல் மடங்கவில்லை. கைப்பயிற்சிக்குத் தஞ்சாவூர் போக நேரமில்லை. பழைய சீட்டோடு மருந்துக்கடைக்குப் போக மட்டும் நேரமிருந்தது. கை தேறினால்தான் அடுத்த சீசன், மாத்திரையை விட்டால்தான் கை. இரண்டும் நடக்கவில்லை.

"குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு. நீங்க எந்த எழுத்துண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நெடிலயும் தாண்டிட்டேன்டா. அதுக்கு மேல என்ன?"

"அளபெடை."

இருவரும் சிரித்தோம்.

அடக்கம் முடிந்த பிறகு நான் அந்தச் சீட்டை எழுதிய மருத்துவரிடமே போய், "வலிக்காம இருக்கிறதுக்கே போடுவாங்களே சார், அப்படிப் போடக் கூடாதுன்னு யாரு சொல்லணும்?" என்று நறுக்கென்று கேட்டதாகத் தெருவெல்லாம் சொன்னேன். நீங்களும் முதுகில் தட்டினீர்கள். அண்ணன் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கேள்விதான். ஆனால் அது என்னிடமேதான் இருக்கிறது. அறைக்குள் போனது உண்மை. "என்ன தம்பி?" என்று அவர் நிமிர்ந்தார்.

"பாத்ரூம் எந்தப் பக்கம் சார்?" என்றேன்.

கை காட்டினார். நன்றி சொல்லிவிட்டுப் போனேன்.