செல்வமணி அக்காவின் கொலரில் மாட்டிய பம்ப்

1. ஈரத் தரை

அந்த ஆலைக்கு நான் முதல் தடவை போன அன்று உள்ளே தரை முழுக்க ஈரமாக இருந்தது. ஒரு வாரமாக மழை இல்லை. கூரையிலும் ஓட்டை இல்லை. நான் அதைப் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை. அப்போது எனக்கு இந்த வேலையில் இரண்டு வருஷ அனுபவம்தான்.

என் வேலை காற்றைப் பிடிப்பது. கண்டியில் இருந்த ஓர் ஆய்வகத்தில் நான் டெக்னீஷியன். கதிரியக்கத் தூசி பறக்கக்கூடிய இடங்களுக்குப் போய், பம்ப் வைத்து, அங்குள்ள காற்றை ஒரு வட்டமான பில்டர் பேப்பர் வழியாக இழுப்பேன். தூசி பேப்பரில் தங்கும். அதை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து கவுண்டர் என்ற கருவியில் வைத்து, அதிலிருந்து வரும் கதிரை எண்ண வேண்டும்.

இலங்கையில் யுரேனியம் ஆலை ஏது என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் வாசலில் போர்டு போட்டால்தான் யுரேனியம் உள்ளே இருக்கும் என்றில்லை. கெலிஓயாவுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஆலையில், கடற்கரையிலிருந்து லொறியில் வரும் கனமான மணல் ஒன்றை மாவாக அரைத்தார்கள். டைல்ஸுக்கும் கோப்பைகளுக்கும் மேலே பளபளப்பாகப் பூசுவதற்கு அந்த மாவு வேண்டும். அந்த மணலுக்குள் இயற்கையாகவே கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் பூட்டிக் கிடக்கின்றன. மணலாக இருக்கும்வரை பெரிய பயமில்லை. மாவாக்கினால் கதை வேறு. அது மூச்சோடு உள்ளே போய் நுரையீரலின் அடியில் உட்கார்ந்துகொள்ளும். வெளியே வர வருஷக்கணக்காகும். அவ்வளவு காலமும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கதிர் வீசும்.

மெனேஜர் தியாகராஜா என்னை வாசலிலேயே வரவேற்றார். ஐம்பது வயது இருக்கும். நான் பன்வில தோட்டத்தில் பிறந்தவன் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

“நம்ம ஆளா நீங்க? நல்லதாப் போச்சு தம்பி. மெஷினை இந்த நடுவுல வைங்க. எல்லாப் பக்கமும் சமமா இருக்கும்.”

நடுவில் வைத்தேன். அங்கே இரண்டு பெரிய கதவுகளும் நேருக்கு நேராகத் திறந்திருந்தன. மகாவலிப் பக்கத்திலிருந்து காற்று வந்து கொண்டேயிருந்தது. வேலையாட்கள் எல்லோரும் புது மாஸ்க் போட்டிருந்தார்கள். மாஸ்க்கின் மடிப்புக் கோடுகூட அழியவில்லை. நான் நேரத்தைக் குறித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன்.

பின்னேரம் பம்ப்பைக் கழற்றும்போது ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றார். மூட்டை கட்டுகிற இடத்தில் வேலை செய்பவர். நாற்பதை நெருங்கியவர். கண் இமையெல்லாம் மாவு.

“ஐயா, இது காத்தப் புடிக்கிற மெஷினா?”

“ஆமாங்க அக்கா.”

“அப்ப நாங்க நிக்கிற எடத்துல வைக்காம ஏன் நடுவுல வச்சீங்க? நடுவுல யாரு நிக்கிறா?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “தூசி அடங்கணும்ன்னு காலைல இருந்து தரையில தண்ணி அடிச்சாங்க. அரைக்கிற மெஷின் மூணுல இன்னிக்கு ஒண்ணுதான் ஓடுது. இந்த மாஸ்க்க சாயந்தரம் எண்ணி வாங்கிருவாங்க. மத்த நாளெல்லாம் நாங்க துண்டுதான் கட்டிக்கிறோம். சொல்லாம ஒரு நாளைக்கு வாங்க.”

அவர் பெயர் செல்வமணி. கம்பளைப் பக்கத் தோட்டம் ஒன்றின் லயத்து வரிசை வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுவிட்டு, கூரைக்குக் கீழே வேலை என்று விரும்பி வந்தவர்.

2. சொல்லாமல் போன நாள்

நடுவில் வைத்த பேப்பரில் பெரிதாக ஒன்றும் இல்லை. என் மேலதிகாரி சிவபாலன் சேர் அதைப் பார்த்து, “நல்லது. ரிப்போர்ட் எழுதலாம்” என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். கணக்கில் ஒரு புள்ளி பிசகினாலும் பேப்பரைத் திருப்பி அனுப்புகிறவர். லஞ்சம், சிபாரிசு எதுவும் அவரிடம் நடக்காது. இதை இங்கேயே எழுதிவைக்கிறேன், பின்னால் நடந்ததைப் படித்துவிட்டு அவரைத் தப்பாக நினைக்கக் கூடாது.

அடுத்த வாரம் எனக்கு நாவலப்பிட்டியில் வேறு ஒரு வேலை இருந்தது. காலையில் வாகனம் புறப்படப் போகிற நேரத்தில் செல்வமணி அக்கா கேட்ட கேள்வி மனசில் வந்தது. அலுமாரியைத் திறந்து சின்ன பம்ப்பை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இடுப்புப் பட்டியில் மாட்டுகிற பம்ப் அது. அதிலிருந்து ஒரு குழாய் தோளுக்கு மேலே வந்து, பில்டர் இருக்கிற முனை கொலரில், மூக்குக்குக் கீழே நிற்கும். ஆள் எங்கே போனாலும் அவர் இழுக்கிற காற்றையே அதுவும் இழுக்கும்.

அந்த பம்ப்பைக் கொண்டுபோவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு காரியம் உண்டு. அது நிமிஷத்துக்கு எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று ஆய்வகத்தில் பார்த்து எழுத வேண்டும். நாங்கள் அதை ‘ப்ளோ’ என்போம். திரும்பி வந்ததும் மறுபடி பார்த்து எழுத வேண்டும். கால் மணி நேர வேலை. டிரைவர் ஹோர்ன் அடித்தார். ஒவ்வொரு தடவையும் அதே அளவுதானே வருகிறது என்று நினைத்து நான் போய் ஏறிக்கொண்டேன்.

வழியில் கெலிஓயாவில் இறங்கினேன். மெனேஜர் கொழும்புக்குப் போயிருந்தார். ஆய்வகத்தின் அடையாள அட்டையைக் காட்டியதும் வாசலில் இருந்தவர் உள்ளே விட்டுவிட்டார்.

ஆலைக்குள் எதிர்ச் சுவர் தெரியவில்லை. நிஜமாகத் தெரியவில்லை. மூன்று மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. மாவு கொட்டுகிற வாயில் சாக்கைப் பிடித்துக்கொண்டு செல்வமணி அக்கா நின்றார். சாக்கு நிறையும்போதெல்லாம் உள்ளே இருக்கிற காற்று மாவோடு மேலே பொங்கி அவர் முகத்தில் அடித்தது. மூக்கையும் வாயையும் சுற்றி ஒரு துண்டு. என்னைப் பார்த்ததும் துண்டை இறக்கிச் சிரித்தார்.

“வந்துட்டீங்களா தம்பி?”

ஐயா போய்த் தம்பி ஆகியிருந்தேன். பட்டியை நானே அவர் இடுப்பில் கட்டிவிட்டேன். சட்டைக் கொலரில் முனையை மாட்டினேன். அவர் அன்று முழுக்க அதோடு வேலை செய்தார். சாப்பாட்டு நேரத்தில்கூட அந்த முனையைக் கையால் தொடவில்லை என்று பிறகு சொன்னார். நாவலப்பிட்டி வேலையை முடித்துவிட்டு பின்னேரம் திரும்பி வந்து கழற்றும்போது, வெள்ளையாகப் போன பேப்பர் சாம்பல் நிறமாக இருந்தது.

3. “ப்ளோ எவ்வளவு?”

அன்று எடுத்த பேப்பரை அன்றே எண்ணக் கூடாது. சாதாரணக் காற்றிலேயே இருக்கிற ரேடோன் என்ற கதிரியக்க வாயுவின் எச்சங்களும் பேப்பரில் ஒட்டியிருக்கும். அவை சில நாட்களில் தானாகக் குறைந்துவிடும். அதற்குப் பிறகும் குறையாமல் நிற்பதுதான் ஆலையின் தூசி. நான் அந்த வாரம் முழுக்கக் காத்திருந்தேன். எண்ணியபோது குறையவில்லை. நடுவில் வைத்த பேப்பரோடு ஒப்பிடவே முடியாது. கவுண்டர் கெட்டுவிட்டதோ என்று வெறும் பேப்பரை வைத்துப் பார்த்தேன். கவுண்டர் சரியாகத்தான் இருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்தவனைப் போல சிவபாலன் சேரின் மேசைக்கு ஓடினேன்.

அவர் இரண்டு தடவை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“இது சரியெண்டால், ஆலையை நிப்பாட்டச் சொல்லி எழுத வேணும். நிப்பாட்டினால் அவங்கள் லோயரோட வருவாங்கள். ப்ளோ எவ்வளவு?”

நான் கையில் இருந்த பேப்பரைப் பார்த்தேன்.

“கணேசன், ப்ளோ எவ்வளவு? போகேக்க பார்த்தனீரோ?”

வழக்கமாக வரும் அளவு எனக்கு மனப்பாடம். அதைச் சொல்லியிருந்தால் அவர் எழுதியிருப்பார். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை.

“பார்க்கல சேர். அவசரத்துல போயிட்டேன்.”

“வந்தாப் பிறகு?”

“அப்பவும் பார்க்கல.”

அவர் பம்ப்பைக் கொண்டுவரச் சொன்னார். அளவு சரிபார்த்த தேதியைக் காட்ட அடியில் ஒட்டியிருந்த கலிபிரேஷன் ஸ்டிக்கர் எப்போதோ காலாவதியாகியிருந்தது. அதைப் புதுப்பிக்க வேண்டியவனும் நான்தான்.

“எவ்வளவு காத்து இழுத்ததெண்டு தெரியாமல், காத்தில எவ்வளவு இருக்கெண்டு எப்பிடிச் சொல்லுறது? இந்தச் சாம்பிள் செல்லாது” என்றார். சத்தம் போடவில்லை. “திரும்ப எடுப்பம். முறைப்படி கடிதம் போட்டுவிட்டுப் போம்.”

“கடிதம் போட்டா தண்ணி அடிச்சிருவாங்க சேர்.”

“ஓம். ஆனால் சொல்லாமல் போக எங்களுக்கு அதிகாரம் இல்லை. நீர் போனதே பிழை.”

4. திரும்ப எடுத்த சாம்பிள்

கடிதம் போனது. நானும் போனேன். இந்தத் தடவை ப்ளோவை மூன்று முறை பார்த்து எழுதியிருந்தேன். தரை ஈரம். ஒரு மெஷின் ஓடியது. மாவு கொட்டும் வாயில் வேறு ஒரு பெண், முகத்தில் புது மாஸ்க்கோடு. செல்வமணி அக்காவைக் காணவில்லை.

“அது இப்ப வேலைக்கு வர்றதில்ல தம்பி” என்றார் தியாகராஜா. “அதுக்கு வாய் கொஞ்சம் அதிகம். நானாத்தான் நிப்பாட்டினேன்.”

“அவங்க என்ன செஞ்சாங்க?”

அவர் என்னை ஒபிஸ் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

“இங்க பாருங்க. இங்க வேலை செய்றது பூரா நம்ம சனம். இதை மூடினா எங்க போவாங்க? திரும்பக் கூடையத் தூக்கிக்கிட்டு மலை ஏறுவாங்க. அட்டைக் கடியும் மழையும். உங்க அம்மா கொழுந்து எடுத்தவங்கதானே? நீங்களே சொல்லுங்க, எது மோசம்?”

என் அம்மா கொழுந்து எடுத்தவர்தான். ஆனால் மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மாவு கொட்டுகிற வாயில் தூசியை உறிஞ்சி வெளியேற்றும் ஒரு மின்விசிறியும் மூடியும் போடலாம். பூட்டி வைத்திருக்கிற மாஸ்க்கைத் தினமும் கொடுக்கலாம். துவைக்காத உடுப்போடு பெண்கள் பஸ் ஏறாமல், குளித்து மாற்ற ஓர் அறை கட்டலாம். அன்று இதெல்லாம் எனக்குத் தெரியும். வாய்தான் திறக்கவில்லை.

அந்தச் சாம்பிளில் ஒன்றும் இல்லை. ரிப்போர்ட் தயாரானது. “தொழிலாளர் மூச்சுப் பகுதியில் எடுத்த மாதிரியில் அளவு வரம்புக்குள் உள்ளது.” சாம்பிள் எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர். ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். முன்னால் எடுத்த சாம்பிள் ஒன்று கூடுதலாக இருந்தது, ஆனால் ப்ளோ பார்க்கப்படவில்லை என்று.

“செல்லாத சாம்பிளை ரிப்போர்ட்டில போடேலாது, கணேசன். போட்டால் முழு ரிப்போர்ட்டையும் சந்தேகப்படுவாங்கள்” என்றார் சிவபாலன் சேர். பிறகு ரிப்போர்ட்டை என் பக்கம் தள்ளி, “எனக்கும் இது பிடிக்கேல்லை” என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன்.

5. தொழில் காரியாலயத்தில்

பல வருஷங்கள் கழித்து, நான் ஓய்வு பெறப் போகிற சமயத்தில், ஆய்வகத்தின் வாசலில் ஒரு வயதான பெண் என்னைக் கேட்டு நிற்பதாகச் சொன்னார்கள். அடையாளம் தெரியவில்லை. பாதியாக இளைத்திருந்தார். படி ஏறி வந்ததற்கே நின்று மூச்சு வாங்கினார்.

“செல்வமணி, தம்பி. கெலிஓயா மில்லு.”

கதிரையில் உட்கார வைத்தேன். நெஞ்சு டொக்டர், என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். மாவு மில் என்றதும், அங்கே என்ன தூசி இருந்தது என்று பேப்பர் ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறார். நஷ்டஈடு கேட்டுப் போன தொழில் காரியாலயத்திலும் அதையேதான் கேட்டார்களாம். மில் அப்போது கைமாறிப் போயிருந்தது. புதியவர்கள் பழைய பேப்பர் எதுவும் இல்லை என்றார்களாம்.

“நீங்க அன்னிக்கு எனக்கு மாட்டி எடுத்தீங்கல்ல, அந்தப் பேப்பர் இருக்கும்ன்னுதான் வந்தேன்.”

அந்தப் பேப்பர் இல்லை. செல்லாத சாம்பிள்களை வருஷக் கடைசியில் அப்புறப்படுத்துவோம். அதை என் கையாலேயே செய்திருந்தேன். இதை அவரிடம் சொன்னேன். ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தது என்பதையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். இந்தத் தடவை மறைக்க விரும்பவில்லை.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். “நீங்க வந்ததுக்கு மறுநாளே என்னை நிப்பாட்டிட்டாங்க. பரவால்லன்னு இருந்தேன். மத்தவங்களுக்காச்சும் நல்லது நடக்கும்ன்னு நெனச்சேன்” என்றார்.

மறுநாள் அவரோடு நானே தொழில் காரியாலயத்துக்குப் போனேன். நடந்ததையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தேன். அங்கே இருந்த உத்தியோகத்தர் மரியாதையான மனிதர். தமிழும் கொஞ்சம் தெரிந்தவர். கடிதத்தை முழுக்கப் படித்தார். பிறகு பைலிலிருந்து என் பழைய ரிப்போர்ட்டின் பிரதியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

“இதுவும் உங்கட கையெழுத்துதானே?”

“ஆமா.”

“அப்ப நான் எதை எடுக்கிறது, மிஸ்டர்? இது ஒபிஸ் ரிப்போர்ட். மற்றது நீங்க இப்ப எழுதினது.”

ரிப்போர்ட்டைத்தான் எடுத்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். வெளியே பஸ் நிலையம் போவதற்குள் செல்வமணி அக்கா இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். கம்பளை பஸ்ஸில் ஜன்னல் பக்கமாக உட்கார வைத்தேன். “நீங்க என்ன செய்வீங்க தம்பி” என்றார். கேள்வியாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எதனால் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. கதிரியக்கமாக இருக்கலாம். வெறும் கல்லுத் தூசியாக இருக்கலாம். லயத்து அடுப்புப் புகையாகவும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் ஒரே வழி அவர் மூச்சில் என்ன போனது என்ற கணக்கு. அதைக் கால் மணி நேரச் சோம்பலில் தொலைத்தவன் நான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பம்ப்பை ஆள் நிற்கிற இடத்தில் வையுங்கள், கதவு இருக்கிற இடத்தில் அல்ல. போகும்போதும் வந்த பிறகும் ப்ளோவைப் பாருங்கள், டிரைவர் எத்தனை ஹோர்ன் அடித்தாலும். எத்தனை மெஷின் ஓடியது, தரை ஈரமா, மாஸ்க் புதிதா என்பதையெல்லாம் கள நோட்டில் எழுதுங்கள். அவற்றை எழுதாத ரிப்போர்ட்டில் உங்கள் பெயரைப் போடாதீர்கள். அப்படிச் செய்தால் மேலதிகாரியிடம் ஏச்சு விழும், பதவி உயர்வு தள்ளிப் போகும். போகட்டும். உங்கள் கையெழுத்தைப் பிற்காலத்தில் நீங்களே பொய் என்று எழுதிக் கொடுத்தாலும் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.