மூலத் தரவில் மேய்ந்த ஆடு

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பஸ் ஏறி, அங்கே இன்னொரு பஸ் மாறி, ரெட்டிபாளையம் பக்கம் லாரி போகும் சாலையோரத்துப் பருத்திக் கொல்லை ஒன்றுக்கு வாராவாரம் போய் இலை அளந்தவன் நான். புழுதி படிந்தால் இலை எவ்வளவு சிறுக்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. ஒரு கட்டுரையாவது வெளிவந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். ஏழு வருடமாகிவிட்டது. "இன்னுமா படிக்கிறீங்க?" என்று யாராவது கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கட்டுரையை அனுப்பியிருந்த ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கட்டுரை சரி, ஆனால் மூலத் தரவு முழுவதையும், குறிப்பேட்டின் பக்கங்களோடு, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்ற வேண்டும். நானோ கட்டுரையில் இருபது செடி என்று எழுதியிருந்தேன். குறிப்பேட்டில் கடைசி வாரத்தில் ஆறு செடிகளுக்கு நேரே எண்ணே இல்லை. "ஆடு" என்று மட்டும் இருந்தது.

கடைசிப் பருத்தி எடுத்ததும் கொல்லையில் ஆட்டை விடுவது இங்கே வழக்கம். ஊருக்கே தெரியும், ஆராய்ச்சி செய்த என்னைத் தவிர. நான் கடைசியாக அளக்கப் போனதற்கு முந்தின நாள் சாயங்காலம் விட்டதில் ஓரத்து ஆறு செடிகள் வெறும் குச்சியாக நின்றன. அடையாளத்துக்கு நான் கட்டிய அட்டைகளையும் காணோம்.

"அட்டைதானுங்களே, ஆட்டுக்கு ஒண்ணும் ஆவாதுங்க" என்று கொல்லைக்காரம்மா என்னைத் தேற்றினார்.

கட்டுரையில் அந்த ஆறுக்கும் முந்தைய வாரத்து எண்களையே போட்டு நிரப்பியிருந்தேன். நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் முழித்துவிட்டு இதழுக்கு உண்மையை எழுதினேன். ஆறு செடிகளை ஒரு வெள்ளாடு தின்றுவிட்டது. மீதிப் பதினான்கை வைத்துத் திரும்பக் கணக்கிட்டிருக்கிறேன். பட்டம் கைவிட்டுப் போனது என்றே நினைத்தேன். இதழாசிரியரோ நன்றி சொல்லி, செய்முறைப் பகுதியில் ஆட்டையும் சேர்க்கச் சொன்னார். கட்டுரை வந்துவிட்டது.

அதை எடுத்துப்போய்க் கொல்லைக்காரம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்காட்டினேன். புழுதி, இலை, எதற்கும் அவர் முகம் மாறவில்லை. ஆடு வந்ததும் நிறுத்தினார்.

"வெள்ளாடுன்னா போட்டிருக்கீங்க?"

"ஆமாங்க."

"நம்மகிட்ட ஏதுங்க வெள்ளாடு? வுட்டது செம்மறி. அதுவும் ஒண்ணு இல்ல, பதினோரு உருப்படி. நீங்க பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை.

இதழுக்குத் திருத்தம் அனுப்பினேன், போட்டுவிட்டார்கள். உலகமே பார்க்கலாம் என்று திறந்து வைத்த என் தரவைச் சரிபார்த்த ஒரே ஆள் இன்றுவரை அவர்தான்.