லைட்டு வச்ச செட்டு

அப்பா ஒரு பேச்சை ஆரம்பித்தால் நான் முடிப்பேன். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

அவருக்குத் திக்குவாய். முதல் எழுத்திலேயே நின்றுவிடும். கழுத்து நரம்பு புடைக்கும். எதிரில் நிற்கிறவர்களுக்குப் பொறுக்காது, ஆளாளுக்கு ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுப்பார்கள். அவர்களை எல்லாம் விட நான் வேகம். ரேஷன் கடையில் அவர் 'ச' என்றால் சர்க்கரை என்று சொல்லிவிடுவேன். டீக்கடையில் 'இ' என்றால் இன்னொரு டீ. பெரும்பாலும் சரியாக இருக்கும். இல்லாவிட்டாலும் அப்பா தலையாட்டிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொள்வார். அவர் உண்மையில் என்ன கேட்க வந்தார் என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நாலாவது படித்தேன். தெருவில் என்னை 'அப்பனோட வாயி' என்பார்கள். எனக்கு அதில் பெருமை. எங்கே போனாலும் அப்பா என்னைக் கூட்டிப் போவார். நான் இல்லாமல் அவருக்குக் கை ஒடிந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. மண் அரைக்கிற டிரம் பக்கம். அது ஓடுகிற சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. கையைக் காட்டித்தான் எல்லாம். அதனால் கம்பெனியில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டைத் தாண்டி வெளியே வந்தால்தான் கஷ்டம்.

ஒரு நாள் அந்தக் கம்பெனிக்கு ஒருவர் வந்தார். ஜங்ஷனில் சிக்னல் வேலை பார்க்கிறவர். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார். எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை, நான்தான் ரயில்வே மாமா என்று கூப்பிடுவேன். கோழி முட்டை அளவில், குறுக்கே இரண்டு ஓட்டை போட்ட பீங்கான் கட்டை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டுவதற்கு. அப்பா கழித்துப் போட்ட குவியலில் தேடி நாலு எடுத்துக் கொடுத்தார். இது என்னத்துக்கு என்று கேட்க வேண்டும். கேட்பதற்குப் பதில் அவர் பின்னாலேயே போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப் போனார். மாமா வீட்டு மேஜையில் ஒரு ரேடியோ பெட்டி இருந்தது. பாட்டுப் பாடுகிற ரேடியோ இல்லை, ஹாம் ரேடியோ என்றார் மாமா. இங்கிருந்து பேசினால் அங்கே கேட்கும், அங்கிருந்து பேசினால் இங்கே கேட்கும். ஒருவர் பட்டனை அமுக்கிப் பேசுகிறார். முடித்ததும் 'ஓவர்' என்கிறார். அப்புறம் அடுத்தவர் பேசுகிறார். நெய்வேலியில் இருந்து ஒருவர், கடலூரில் இருந்து ஒருவர். அவர்கள் பேசியதும் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மழை உண்டா, கரண்டு இருக்கிறதா, அவ்வளவுதான்.

அப்பா வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மாமாவைப் பார்த்து, "ந... நடுவுல" என்றார். நின்றுவிட்டது.

"நடுவுல கரண்டு போயிடுச்சுன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேக்கறாரு" என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார், அப்புறம் அப்பாவைப் பார்த்தார். "கரண்டு போனா பேட்டரி இருக்குது பாப்பா" என்றார். பிறகு அப்பாவிடம், "ஒருத்தர் பட்டன அமுக்கிக்கிட்டு இருக்கறப்ப வேற யாரும் நடுவுல பூர மாட்டாங்க. எவ்ளோ நேரமானாலும் சரி. காத்துக்கிட்டுதான் இருப்பாங்க. இங்க அதான் மரியாத" என்றார்.

யாரும் கேட்காததற்கு எதற்குப் பதில் சொல்கிறார் என்று இருந்தது எனக்கு. அப்பா தலையாட்டினார்.

அதற்குப் பிறகு அப்பா படிக்க ஆரம்பித்தார். இந்த மாதிரி பேச லைசென்ஸ் வேண்டும், அதற்குப் பரீட்சை உண்டு. அவர் பத்தாவதோடு நின்றவர். மாமா கேள்விகளைத் தமிழில் விளக்கிச் சொல்வார், இவர் பதில்களை மனப்பாடம் பண்ணுவார். விடையைக் குறித்தால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. மெட்ராஸுக்குப் போய் எழுதினார். முதல் தடவை போய்விட்டது. வேலை விட்டு வந்து, கையில் மண் காயக் காய உட்கார்ந்து மறுபடியும் படித்தார். இரண்டாவது தடவை பாஸ்.

அம்மாவுக்கு இது ஒன்றும் பிடிபடவில்லை. "வாயத் தொறக்காத மனுசனுக்குப் பேசற மிஷினு. மொட்டத் தலைக்குச் சீப்பு வாங்கின கதையா இருக்குது" என்பாள். அப்பா சிரிப்பார்.

லைசென்ஸ் கொடுப்பதற்கு முன் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரித்தார். தெருவே எங்கள் வாசலில் நின்றது. அப்பா துபாய்க்குப் போகிறார் என்று பாதிப் பேர் முடிவு பண்ணிவிட்டார்கள். யாரோடு பேசப் போகிறீர்கள் என்று போலீஸ்காரர் கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் "எல்லார்கூடயும்" என்று நான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். டீ குடித்துவிட்டுப் போனார்.

பிறகு பல மாதம் ஒன்றும் வரவில்லை. ஒரு நாள் தபாலில் வந்தது. அப்பா பெயர், அவருக்கென்று ஒரு அடையாளம். வி யூ மூன்று, அதற்கப்புறம் மூன்று எழுத்து. உலகத்தில் வேறு யாருக்கும் அந்த எழுத்து கிடையாது என்றார் மாமா. அப்பா அந்தக் காகிதத்தை அரிசி டிரம்முக்கு மேல் சாமி படத்தோடு வைத்தார்.

இனி செட்டு எடுக்க வேண்டும். பெரிய பெட்டி நம்மால் ஆகாது, முதலில் கையில் பிடிக்கிற மாதிரி சின்னது போதும் என்றார் மாமா. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். அப்பா அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். நகக்கண்ணில் இருந்த மண்ணைக் கூட ஊசியால் எடுத்தார்.

மாமா மேஜையில் பேப்பர் விரித்து இரண்டு செட்டு வைத்திருந்தார். ஒன்று புதுசு. பளபளவென்று கறுப்பு. மூன்று கலரில் திரை எரியும். தலையில் டார்ச் லைட்டு. எஃப்எம் பாட்டும் வரும். இன்னொன்று மாமாவே முதன்முதலில் வாங்கியது. செங்கல் மாதிரி கனம். மூலையெல்லாம் கலர் போயிருந்தது. இடுப்பில் மாட்டுகிற கிளிப் உடைந்து, ரப்பர் பேண்டு போட்டிருந்தது. பக்கத்தில் பேசுகிற பட்டன் மட்டும் கட்டை விரல் அகலத்துக்கு இருந்தது.

விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், கையில் பிடித்துப் பாருங்கள் என்றார். அப்பா புதுசை எடுத்தார், வைத்தார். பழசை எடுத்தார். அதை வைக்கவில்லை. பட்டனை அமுக்கினார், விட்டார். அமுக்கினார், விட்டார். அதற்குள் நான் புதுசின் லைட்டைப் போட்டு, சுவரில் வட்டம் அடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா நிமிர்ந்தார். "எ... எனக்கு இ... இந்த" என்றார். நரம்பு புடைத்தது.

"இந்தப் புதுசு. லைட்டு வச்சது" என்றேன்.

அப்பா கையில் பழசு இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். என் கையில் எரிகிற லைட்டைப் பார்த்தார். பழசைப் பேப்பர் மேல் வைத்துவிட்டுத் தலையாட்டினார்.

சரியாகச் சொல்லிவிட்டோம் என்று துள்ளிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா கொல்லையில் தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்று பட்டனை அமுக்கினார். குவார்ட்டர்ஸில் மாமா காத்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு முதல் எழுத்து வரவில்லை. அமுக்கியபடியே நின்றார். அப்புறம் வந்தது. அவருடைய அடையாளத்தைச் சொன்னார், பெயரைச் சொன்னார். ஊர்ப் பெயரை ஆரம்பித்து, 'வி' என்று இழுத்துக்கொண்டிருக்கும்போது செட்டு 'டூட்' என்றது. கட்டாகிவிட்டது.

மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் 'டூட்'. ஒரு நிமிஷத்துக்கு மேல் அமுக்கினால் தானாக நின்றுபோகிற செட்டு அது. அந்த விவரம் பின்னால்தான் தெரிந்தது. மூன்றாவது தடவையும் அப்படி ஆனதும், அப்பா அதை ஆணியில் மாட்டினார்.

ஆணியிலேயே இருந்தது. கரண்டு போனால் அம்மா அதை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவாள். "வாங்கனதுக்கு லைட்டாவது எரியுதே" என்பாள். நான் எஃப்எம் கேட்பேன். எல்லாருக்கும் உபயோகமாக இருந்தது.

ஒரு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அதைத் துடைத்துப் பையில் போட்டார். என்னைக் கூப்பிடவில்லை. நானாகச் செருப்பை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிக்கொண்டேன். இறங்கு என்று சொல்லவில்லை.

மாமா கதவைத் திறந்தார். அப்பா செட்டை எடுத்து நீட்டினார். "எ... எனக்கு" என்று ஆரம்பித்தார்.

எனக்குத் தெரியாதா. "எங்கப்பாக்கு இது ரிப்பேரா..." என்று தொடங்கினேன்.

என் வாயில் ஒரு கை வந்து விழுந்தது. அப்பா கை. அடியில்லை, மூடினார். எத்தனை கழுவினாலும் போகாத மண் வாசனை. என் மூக்கு மட்டும் வெளியே இருந்தது. மாமா உட்காரக் கூடச் சொல்லாமல் கதவைப் பிடித்தபடி நின்றார்.

வெளியே கூட்ஸ் வண்டி ஒன்று வந்தது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அப்பா 'எனக்கு' என்பதைத் தாண்டவில்லை. வண்டியின் கடைசிப் பெட்டியும் போய்ச் சத்தம் அடங்கியது. மாமா அப்படியே நின்றார்.

"எனக்கு அன்னிக்கே அந்தப் பழசுதான் வேணும்னு சொல்ல வந்தேன்" என்றார் அப்பா. மூச்சு வாங்கினார். "சொல்ல வுடல."

அப்புறம்தான் கையை எடுத்தார்.

மாமா உள்ளே போய்ப் பழசை எடுத்து வந்தார். ஒரு நிமிஷத்தில் நின்றுபோவது பழசில் கிடையாது, புதுசிலும் அதை மாற்றி வைக்கலாம், நாலு நிமிஷம் ஐந்து நிமிஷம் கூட வைக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். பழசை வாங்கிக்கொண்டார். லைட்டு வச்ச செட்டு அங்கேயே நின்றுவிட்டது.

சைக்கிளில் வரும்போது நான் அழுதேன். சொல்ல வுடல என்று என்னைத்தான் சொன்னார். அதுவும் அடுத்தவர் வீட்டில். இத்தனை வருஷம் நான்தான் அவருக்காகப் பேசினேன். இனி இவருக்காக ஒரு வார்த்தை பேசமாட்டேன், இவரிடமும் பேசமாட்டேன் என்று அன்றே முடிவு பண்ணினேன்.

சாயங்காலம் அப்பா தொட்டி பக்கம் போனார். நான் உள்ளே, கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். காது மட்டும் அங்கே இருந்தது. அடையாளத்தை மூன்று தடவை சொல்வது அங்கே முறை. அப்பா வாயில் அது ஆறு தடவை வந்தது. மாமாவோடு அன்றைக்கு ரேடியோவில் நெய்வேலிக்காரர் ஒருவரும் இருந்தார். அப்பா அமுக்குவதும் காத்திருப்பதுமாக இருந்தார். அவர் சொல்ல வருகிற வார்த்தை எனக்கு நாக்கு நுனியில் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"இங்க... இங்க மேகமா இருக்குது. மண்ணு காயல. ஓவர்" என்று முடித்தார்.

"உங்க சிக்னலு கொஞ்சம் விட்டு விட்டு வருது சார். ஆனா நல்லாப் புரியுது. நிதானமா சொல்லுங்க சார், ஓவர்" என்றார் நெய்வேலிக்காரர்.

அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுக் கொல்லைக் கதவுக்கு வந்தாள். அப்பாவை யாரோ சார் என்று கூப்பிட்டதை அவள் அன்றைக்குத்தான் கேட்டாள்.

சாப்பிடும்போது அப்பா "கொ..." என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். கொழம்பா, கொத்தவரங்காயா, எதை எடுப்பது என்று தெரியாமல் அம்மா கரண்டியோடு நின்றாள். வேறு வழியில்லை, காத்திருந்தாள்.

"கொழம்புல உப்பு கம்மி" என்றார்.

அம்மா ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். "என்னிக்கும் இப்படித்தான வெக்கிறேன்."

"எ... என்னிக்கும் கம்மி" என்றார் அப்பா.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். எனக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் டிரம் பெல்ட்டு அறுந்த கதையைச் சொன்னார். அதற்கு மறுநாள், பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டரில் தொங்கிக்கொண்டு போய்ச் சின்ன வயதில் அடி வாங்கியதைச் சொன்னார். அவர் அப்படி எல்லாம் செய்திருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. கதை முடிவதற்குள் சோறு ஆறிப்போகும். நான் கேட்காத மாதிரியே எல்லாவற்றையும் கேட்டேன். எங்கே நின்றாலும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரும் என் பக்கம் பார்க்கவில்லை.

ஒரு வாரம் நான் பேசவில்லை. எங்கள் வீட்டில் அப்பா அதிகம் பேசிய வாரம் அதுதான். நான் கோபமாக இருக்கிறேன், அதனால் என்னைச் சமாதானம் பண்ணத்தான் மனுஷன் இவ்வளவு பேசுகிறார் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று மேற்கொண்டு இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.