தக்காளி பறிக்க வந்தவர்களுக்குப் பீட்சா

எங்கள் பக்கத்தில் தக்காளி பறிக்க ஆள் கிடைப்பது, மாப்பிள்ளைக்குப் பெண் கிடைப்பதைவிடக் கஷ்டம். அதனால் பறிப்பு நாளில் காலைச் சாப்பாடு தோட்டக்காரர் வீட்டுப் பொறுப்பு. அதியமான்கோட்டையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் வீட்டில் அது மருமகளான என் தலையில் விழுந்தது. பத்துப் பெண்கள் ஆறு மணிக்கு மினி ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். எட்டரைக்கு வரப்பில் வரிசையாக உட்கார்ந்து சமையலறைப் பக்கம் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

போன மார்கழியில் ஒரு காலை மாவுக் குண்டாவைத் திறந்தேன். வத்தல்மலைப் பக்கமிருந்து இரண்டு நாளாக அடித்த குளிரில் மாவு துளிகூடப் புளிக்கவில்லை. ஓர் ஈடு இட்லி ஊற்றிப் பார்த்தேன். வெந்து வந்ததில் ஒன்றை எடுத்து அத்தை, அதாவது என் மாமியார், மேடைக்கல்லில் தட்டினார். டொக்கென்று சத்தம் கேட்டது.

"இது யாரு மேலயாச்சும் வுழுந்துட்டா போலீசு வரும். வேற எதாச்சும் பண்ணு."

ரவை டப்பாவில் வண்டு. கோதுமை மாவு இருந்தது, தயிர் இருந்தது, முட்டை இருந்தது. சந்தைக்கு ஆகாத வெடித்த தக்காளி ஒரு கூடை இருந்தது. மகளின் பள்ளி டப்பாவுக்காக வாங்கிய சீஸ் ஆறு துண்டும் இருந்தது.

"அத்தை, பீட்சா போடட்டுங்களா?"

"யாருக்கு?"

"அவங்களுக்குத்தாங்க."

அத்தை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சுடவில்லை என்றதும் வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிட்டார்.

தக்காளியைப் பூண்டும் மிளகாயும் போட்டுச் சுண்ட வதக்கினேன். மாவில் தயிரும் கொஞ்சம் சோடா உப்பும் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கை அகலத்துக்குக் கனமாகத் தட்டினேன். தோசைக்கல்லில் ஒரு பக்கம் வேகவைத்துத் திருப்பி, மேலே தக்காளி விழுதைத் தடவி, நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி மூடினேன். முதல் முட்டை ஓடிப்போய் அடுப்புக்குள் விழுந்தது. அடுத்ததிலிருந்து ஓரத்தை விரலால் தூக்கிக் கரை கட்டிக்கொண்டேன். ஆறு துண்டு சீஸை நூல்நூலாக அரிந்து பத்துப் பேருக்கும் பங்கு போட்டேன். மணி சரியாக எட்டரை.

கூட்டத்துக்குத் தலைவியாக ஓர் அக்கா உண்டு. அவர் தட்டை வாங்கி வெயிலில் காட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, ஊத்தப்பத்துக்கு ஜொரமா? மொகமெல்லாம் செவந்து கெடக்குது."

"பீட்சாங்க அக்கா."

மற்ற ஒன்பது பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். பிறகு தலைவி கடித்து இழுத்தார். சீஸ் நூலாக நீண்டது. அவர் கையை நீட்ட நீட்ட அதுவும் கூடவே வந்தது. பக்கத்தில் இருந்தவர் இரண்டு விரலால் அதைக் கத்தரித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு சிரிப்பில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, ஆனால் ஒரு தட்டிலும் எதுவும் மிஞ்சவில்லை. கிளம்பும்போது தலைவி கேட்டார்: "அடுத்த பறிப்புக்கும் பீசாதானுங்களே?"

மூன்று நாள் கழித்து வந்த ஆட்டோவிலிருந்து பதினாறு பேர் இறங்கினார்கள். நாங்கள் கூப்பிட்டது பத்துப் பேரைத்தான். மீதி ஆறு பேரும் அன்றைக்குப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகவேண்டியவர்கள். அது என் மாமனாரின் அண்ணன், பெரிய மாமாவின் தோட்டம்.

ஏழு மணிக்கெல்லாம் பெரிய மாமா துண்டை உதறிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏம்மா, பீசா போட்டு ஆள இழுக்கறீங்களாமே? உங்க வூட்டு உப்புமாவ நீங்களே துன்னுங்கன்னு எங்கிட்டயே சொல்றாளுங்க!"

"நான் இழுக்கலைங்க மாமா. மாவு புளிக்கலைங்க, அதான்..."

"மாவு புளிக்கலன்னா ஊருக்கே வல போடுவியா?"

கல்லிலிருந்து இறக்கியதை ஒரு தட்டில் வைத்து நீட்டினேன். அவர் நின்றபடியே கோபத்தோடு சாப்பிட்டார். "நெனச்சுப் பாரு, இது ஞாயமா?" என்று கேட்டுக்கொண்டே தட்டை மறுபடியும் நீட்டினார். மூன்றாவதைத் தின்று முடித்ததும், "எப்படிப் பண்றதுன்னு சொல்லு" என்றார்.

அவர் மனைவி பெரியத்தை உப்புமாவைத் தவிர வேறெதையும் கிண்டமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், அவர்கள் தோட்டத்து அடுத்த பறிப்பில் மாமாவே தன் வீட்டு அடுப்பில் நின்றார். நான் அரை ஸ்பூன் என்று சொன்ன சோடா உப்பை, ஆள் அதிகம் என்று கணக்குப் போட்டு அரை டப்பா கொட்டியிருக்கிறார். அன்று ஒன்பது மணிக்கு அத்தனை பெண்களும் வரப்பைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டார்கள்.

"எப்படிங்க அக்கா இருந்துச்சு?" என்றேன்.

"தின்னுட்டு வாயத் தொறந்தா நொர வருதுங்க" என்றார் தலைவி. பிறகு செம்பைக் கீழே வைத்துத் தீர்ப்புச் சொன்னார்: "பறிப்பு யாரு தோட்டத்துல வேணாலும் இருக்கட்டும். அடுப்பு இந்த வூட்டுதா இருக்கணும். இல்லாட்டி நாங்க மொரப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போயிருவோம்."

பெரிய மாமா மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். இப்போது இரண்டு தோட்டத்துக்கும் நான்தான் சமைக்கிறேன். அவர் தன் வீட்டு முட்டைகளைக் கூடையில் கொண்டுவந்து, கல்லுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றித் தருகிறார். அதில் மட்டும் நல்ல கைப்பழக்கம். மஞ்சள் கரு கலங்குவதே இல்லை. வருகிறவர்களிடமெல்லாம், "தீயக் கம்மியா வெக்கணும், அதுலதான் விசயமே இருக்குது" என்று விளக்கமும் சொல்கிறார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்.

போன வாரம் தலைவி சாப்பிட்டுக்கொண்டே, "டவுனுல இதும் மேல கோழிக்கறியெல்லாம் போடுவாங்களாமே?" என்றார்.

பெரிய மாமா திரும்பி, வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த தன் கோழிகளை வெகுநேரம் பார்த்தார்.

"முட்டையோட நிறுத்திக்கலாம்" என்றார்.