தேடி வந்த பட்டணம்

துறைமுக வாசலில் லாரிகள் வரிசைகட்டி நின்றால் ஓட்டுநர்கள் டீக்கடைக்கு வந்துவிடுவார்கள். சரக்குச் சீட்டுகளோடு நானும் அங்கேதான் நிற்பேன். அப்படிப் பழக்கமானவர் அவர். நரைத்த முறுக்கு மீசை, பொத்தான் போடாத காக்கிச் சட்டை. முப்பது வருடமாகச் சென்னைக்கு லோடு அடிக்கிறார். ஒவ்வொரு முறை திரும்பியதும் சென்னை எதுவரை வளர்ந்திருக்கிறது என்று சொல்வார்.

“மொதல்ல தாம்பரம் தாண்டுனாத்தான் தம்பி பட்டணம். பொறவு வண்டலூருக்கு வந்துச்சி. இப்ப செங்கல்பட்டுலயே ஆரம்பிச்சிருது.”

ஒரு நாள் காலையில் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய மகள் போன் செய்தாள். சென்னையில் வேலை பார்க்கும் அவளும் மருமகனும் கூடுவாஞ்சேரியில் வீடு வாங்கியிருந்தார்கள். இடத்தை விசாரித்தவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“ஏளா, அந்த ஏரிக்கரையா? லாரிய நிப்பாட்டி நான் சோறு பொங்குன எடம்லா அது. அப்ப சுத்திவர ஒரு வீடு கெடையாதே.”

கண் கலங்கச் சிரித்தார். கடையிலிருந்த அத்தனை பேருக்கும் டீ சொன்னார்.

“சென்னையிலயே வீடு வாங்கியாச்சு அண்ணாச்சி,” என்றேன்.

“நாங்க எங்க போயி வாங்குனோம்? பட்டணம்லா எங்களத் தேடி வந்திருக்கு.”

வரிசை நகர்ந்தது. வண்டியில் ஏறியவர் தலையை வெளியே நீட்டினார்.

“பால் காய்ச்சுக்கு வந்துருங்க தம்பி. ஏரிக்கரையில வந்து லாரிக்காரர் மக வீடுன்னு கேளுங்க, சொல்லுவாவ.”

அவ்வளவு பெரிய நகரத்தில் யாருக்குத் தெரியும்? ஆனாலும் இறங்கிக் கேட்டால் யாராவது கைகாட்டுவார்கள் என்றே எனக்கு இன்னும் தோன்றுகிறது.