சிரிக்காமல் உட்காரு

அந்தக் கடையில் எல்லாரும் அவளை டெஸ்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளியும் அப்படித்தான், இத்தனைக்கும் அவர் அவளைவிட மூத்தவர். எங்கெங்கோ தேங்கிக் கிடக்கும் கறுப்பு வெள்ளை பிலிமை டின் டின்னாக மலிவு விலைக்கு வாங்கி, சின்னச் சுருள்களாகச் சுற்றி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு விற்கிற கடை அது. வியாபாரம் சக்கைப்போடு போட்டது. டின்னின் மேல் லேபிள் பாதி நேரம் இருக்காது, இருந்தாலும் நம்ப முடியாது. எந்த பிலிமை எவ்வளவு நேரம் டெவலப்பரில் போட்டால் படம் உருப்படியாக வரும் என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. இருட்டறையில் அவள் கை தப்பி ஒரு பொருள் கீழே விழுந்தது என்று யாரும் கேள்விப்பட்டதில்லை.

சோதனைக்கு ஒரு முகம் வேண்டும். எப்போதும் அதே முகம், அதே ஜன்னல், அதே ஸ்டூல். அப்போதுதான் போன பிலிமையும் இந்த பிலிமையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முகத்துக்கெல்லாம் சம்பளம் கொடுக்கிற ஆளில்லை முதலாளி. ஆகவே அவளுடைய தம்பி மாட்டிக்கொண்டான். பக்கத்துத் தெரு டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன். மத்தியானம் அக்காவோடு சாப்பிட வருவான். சாப்பிட்ட கையோடு ஸ்டூலில் ஏறி, வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று கட்டம் போட்ட அட்டையை நெஞ்சில் பிடித்துக்கொள்வான்.

அவனுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் சிரிப்பு. முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. அதை ஊருக்குக் காட்டவே பிறந்தவன்போல எதற்கெடுத்தாலும் சிரிப்பான்.

“பல்லைக் காட்டாதடா. சிரிச்சா கன்னம் மேல ஏறுது, வெளிச்சம் மாறுது. அப்புறம் நான் எதை எதோட ஒப்பிடறது?”

“இந்த அட்டையோட உக்காந்தா போலீஸ்ல மாட்டின திருடன் மாதிரி இருக்குக்கா. சிரிச்சாலாவது நல்ல திருடன்னு விட்ருவாங்க.”

“வாயை மூடிட்டு உக்காரு.”

அவன் சிரித்துக் கெடுத்த துண்டுகளை அவள் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவாள். அந்த விஷயத்தில் தயவு தாட்சண்யமே கிடையாது.

கடைசியாக அவன் உட்கார்ந்த அன்று வானம் மூட்டமாக இருந்தது. டின் வேண்டுமா என்று பார்த்துச் சொல்லும்படி ஒரு வியாபாரி ஒரே ஒரு சுருளை மாதிரிக்கு அனுப்பியிருந்தார். கேமரா ஸ்டாண்டில் இருந்தது. வெளிச்சம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததால் அவள் கண் கையிலிருந்த லைட் மீட்டரின் மேலேயே இருக்க, முதல் நாலைந்து படங்களை அவன் பக்கம் திரும்பாமலே எடுத்தாள். களுக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

“சிரிச்சியா?”

“சத்தியமா இல்லக்கா.”

பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்திருந்தான். அவள் நம்பினாள். ஆனாலும் மீதிச் சுருள் முழுவதையும் அவனை முறைத்துக்கொண்டே எடுத்து முடித்தாள். அன்று சாயங்காலம் டயர் கடை வாசலில் அவன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்திருந்தபோது, ஒரு லாரி ரிவர்ஸில் வந்தது. ஓட்டுநர் அவனைப் பார்க்கவில்லை.

போனில் படம் எடுக்கிற காலம் இல்லை அது. அவனுடைய வாக்காளர் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார்கள். அம்மா அதை ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை.

“யாருடி இது? என் புள்ள இப்படியா இருப்பான்? வருஷக்கணக்கா அவனைத்தானே படம் எடுத்தே. சிரிக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு குடு, போதும்.”

கடையில் இருந்த பழைய துண்டுகளை எல்லாம் அவள் கொட்டிக் கிளறினாள். நூற்றுக்கணக்கில் தம்பி இருந்தான். அத்தனையிலும் வாயை இறுக மூடிக்கொண்டு, அக்கா சொன்னபடியே இருந்தான். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்த பிறகுதான் அந்தக் களுக் ஞாபகம் வந்தது. சுருள் இன்னும் கேமராவிலேயே இருந்தது.

அந்த வியாபாரி டின்னை எப்போதோ வேறு யாருக்கோ தள்ளிவிட்டிருந்தார். இனி அந்த பிலிம் உலகத்தில் கிடைத்தாலும் இதுதான் என்று அடையாளம் சொல்ல ஆளில்லை. நேரம் தெரியாத பிலிமில் ஒரு துண்டை வெட்டிக் கழுவிப் பார்த்துத்தான் மற்றதற்கு நேரம் கண்டுபிடிக்க முடியும். அந்தத் துண்டிலும் தம்பிதான் இருந்தான்.

“தப்பா போச்சுன்னா திரும்ப வராதும்மா. அப்படியே வச்சிரேன்,” என்றார் முதலாளி. அன்றைக்கு அவர் அக்கா என்று கூப்பிடவில்லை.

“வச்சிருந்தா அம்மா எதைப் பாப்பாங்க?”

சுருளின் முனையில் படம் எடுக்காத, வெளிச்சம் பட்ட பகுதியை நறுக்கி முதலில் டெவலப்பரில் போட்டாள். சட்டென்று கறுத்துவிட்டது. வேகமான சரக்கு, கொஞ்ச நேரமே போதும் என்று கணக்குப் போட்டாள். சிரிப்பு இருந்தால் அது சுருளின் தொடக்கத்தில் இருக்கும். ஆகவே கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு துண்டைப் பலி கொடுப்பது, அதைப் பார்த்துவிட்டு மற்றதைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்துகொண்டு விளக்கை அணைத்தாள்.

டப்பியைத் திறந்து சுருளை வெளியே எடுத்தாள். பிலிம் கை தப்பித் தரையில் விழுந்து சரசரவென்று அவிழ்ந்தது. மண்டியிட்டுத் தடவி எடுத்தாள். முனையை நறுக்கியாகிவிட்டது, இரண்டு பக்கமும் இப்போது ஒரே மாதிரி இருந்தன. எது தலை, எது வால் என்று விரலுக்குத் தெரியவில்லை. விளக்கைப் போட்டால் மொத்தமும் போய்விடும். வெகுநேரம் இரண்டு முனைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வலது கையில் இருந்ததை வெட்டினாள்.

படத்தை நிலைநிறுத்துகிற பிக்ஸரிலிருந்து எடுத்து பல்புக்கு நேராகப் பிடித்தபோது துண்டு கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது. நேரம் போதவில்லை. மிக வெளிச்சமான இடங்கள் மட்டும்தான் பதிந்திருந்தன. கீழே அட்டையின் வெள்ளைக் கட்டம். அதற்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், ஒரு வரிசைப் பல். நடுவில் சந்து.

அடுத்த துண்டுகளுக்கு நேரத்தைக் கூட்டினாள். எல்லாம் அருமையாக வந்தன. இமை முடி, முகவாயில் ஆறாத வெட்டுக்காயம், நகக்கண்ணில் டயர் கறுப்பு, எதுவும் தப்பவில்லை. அவளுடைய வாழ்நாளிலேயே சிறந்த சோதனை அதுதான். ஒன்றில்கூட அவன் சிரிக்கவில்லை.

பிரிண்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். நன்றாக வந்தவற்றை அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்து ஓரமாகத் தள்ளினாள். கடைசியில் அந்த வெறும் துண்டின் பிரிண்ட் இருந்தது; தாளில் அது கட்டமும் பல்லும் தவிர முழுக்கக் கறுப்பாக விழுந்திருந்தது. அதைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

“சந்து தெரியுதுடி! சிரிக்கிறான் பாரு, சிரிக்கிறான்!” என்றவள் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினாள். “மூஞ்சி எங்கடி?”

“இன்னும் கொஞ்ச நேரம் விட்ருக்கணும்மா.”

அம்மா உள்ளங்கையால் அந்தக் கறுப்பைத் துடைத்தாள். ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தாள். மறுபடியும் துடைத்தாள்.