இருபத்து மூன்றாவது தட்டு

உடைந்த தட்டை உடையவில்லை என்று சொன்னவன் நான்.

பார்க்காமல் சொன்னேன். பிறகு, பார்த்தேன் என்றும் சொன்னேன். மூன்று ஆண்டுகளாக இதை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் எனக்கு யாரோ என்பதால் சொல்ல முடிகிறது.

அவசரப்பட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளாதீர்கள். யாரிடமும் நான் காசு வாங்கவில்லை! வாங்கியிருந்தால் நீங்கள் திட்டுவதற்கு ஒரு சொல்லாவது தயாராக இருந்திருக்கும். நான் செய்ததற்கு என்ன சொல் இருக்கிறது? எழுபத்திரண்டு வயதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் ஏகாம்பரம். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். நெய்து வரும் சேலையில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவது என் வேலை. என் வாயிலிருந்து ஓர் எண் வந்தால் அதோடு பேச்சு முடிந்தது. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. என் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் நானூற்றுப் பன்னிரண்டு அடி. மழைக்காலத்தில் குட்டையைச் சுற்றிப் போனால் நானூற்று முப்பது.

ஓரிக்கைக்கு அப்பால், மூடிப்போன ஒரு செங்கல் சூளை நிலத்தில் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்று இருக்கிறது. பட்டுக்கடைக்காரர்கள், டாக்டர்கள், ஓர் அரிசி ஆலைக்காரர் என்று இருபத்தாறு உறுப்பினர்கள். குழிக்குள் இருக்கும் எந்திரம் உள்ளங்கை அளவு ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்றை வானத்தில் வீசும். சுடுகிறவர் "புல்", அதாவது ஆங்கிலத்தில் இழு, என்று குரல் கொடுத்ததும் அது பறக்கும்; விழுவதற்குள் சுட வேண்டும். களிமண் தட்டு என்று பெயர். களிமண் அதில் ஒரு துளியும் கிடையாது; தாரும் சுண்ணாம்புத் தூளும்தான். ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து தட்டுகள்.

விதி ஒன்றே ஒன்று. தட்டிலிருந்து ஒரு துண்டாவது பிய்ந்து விழுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெறும் தூள் பறந்தால் கணக்கில்லை. தெரிந்ததா இல்லையா என்று சொல்பவர் நடுவர். அவர் சொல்லே முடிவு.

நடுவராக என்னை உட்கார வைத்தவர் கிளப் செயலாளர் வரதன், பட்டுக்கடை முதலாளி. "எண்றதுக்கு உங்கள விட்டா இந்த ஊர்ல யாரு சார் இருக்காங்க?" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் விழுந்தேன். எவ்வளவு மலிவாக விழுந்தேன்!

இளைஞர்களைச் சேர்க்க வேண்டும் என்று அப்போது அவருக்கு ஒரு வேகம். மூன்று பேனர் வைத்தார். பள்ளிகளிலிருந்து பத்தொன்பது பிள்ளைகள் வந்தார்கள். பெற்றோர் கையெழுத்து, பள்ளிக் கடிதம், கண் டாக்டர் தரும் பார்வைச் சான்றிதழ் மூன்றும் கேட்டோம். பத்தொன்பது கண் சான்றிதழ்களையும் வாங்கி, வரிசை எண் போட்டு, கோப்பில் கட்டியவன் நான். சான்றிதழ் இல்லாமல் வந்த ஒரு பையனைத் திருப்பி அனுப்பி, வாங்கிவர வைத்தேன்.

நடுவரின் கண்ணை யாரும் கேட்கவில்லை! இருபத்தாறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதில் நான்கு பேர் டாக்டர்கள்! இப்போது நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஆனால் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன்? இவர்கள்மேல் எரிந்து விழ எனக்கு என்ன யோக்கியதை?

ஏனென்றால் எனக்குத் தெரியும். வலக்கண்ணில் புரை முற்றிக்கொண்டிருந்தது, இடக்கண்ணில் தொடங்கியிருந்தது. என் மனைவிக்கும் தெரியும்.

"சோத்துல இருக்குற கறிவேப்பிலைய எறும்புன்னு தட்டி விட்டுக்கினு இருக்கீங்க. கண்ணக் காட்டுங்க, கண்ணக் காட்டுங்கன்னு எத்தினி தாட்டி சொல்றது?"

ஏழு தாட்டி சொன்னாள். எண்ணினேன். ஆனால் போகவில்லை. இழை எண்ணியவன் கண்ணில் புரை என்று ஊர் சொல்லுமே... அந்தப் பயம்.

பின் எப்படி நடுவராக இருந்தாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கேளுங்கள். வானத்தில் தட்டு எனக்கு ஒரு மங்கிய கோடாகத் தெரியும். உடைந்ததா என்பதைப் பின்னால் நிற்பவர்களின் சத்தத்தில் தெரிந்துகொள்வேன். உடைந்தால் "ஆங்!" என்பார்கள். தப்பினால் "ச்சு" என்பார்கள். சத்தம் இல்லையென்றால் சுடுகிறவரின் தோளைப் பார்ப்பேன். பட்டால் தோள் தளரும், தப்பினால் கழுத்து முன்னே நீளும். ஆறு மாதம் இப்படியே ஓட்டினேன். ஒரு தகராறும் வரவில்லை. அதைத் திறமை என்று வேறு நினைத்துக்கொண்டேன்!

அந்தப் பத்தொன்பது பேரில் ஒருத்தி கௌசல்யா. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அப்பா முருகேசன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். முதல் நாள் துப்பாக்கி உதைத்து அவள் தோள் கன்றிப்போனது. மறுவாரம் துண்டை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். வாரத்துக்கு ஒரு சுற்றுதான் அவளுக்குக் கிடைக்கும். மற்ற நாட்களில் மொட்டை மாடியில் ஒட்டடைக் கோலைத் தோளில் வைத்துக் காக்கைகளைக் குறிபார்ப்பாளாம். "டெய்லி நூறு காக்கா சார். அதுங்களே இப்போ என்னைப் பாத்தா நிக்கறதில்ல" என்று சிரிப்பாள். முதல் சுற்றில் நான்கு தட்டு. பிறகு ஒன்பது, பதினைந்து, பத்தொன்பது. என் கையால் எழுதிய எண்கள்.

ஆறாம் மாத முடிவில் புதியவர்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். முதலில் வருபவருக்கு ஓராண்டுக்குத் தோட்டாவும் துப்பாக்கியும் கிளப் செலவு. மாநிலப் போட்டிக்கும் கிளப் அனுப்பும். மற்றவர்கள் தொடர விரும்பினால் தங்கள் செலவில். புரிகிறதா? கௌசல்யாவுக்கு முதலிடம் இல்லையென்றால் துப்பாக்கியே இல்லை. அதை அங்கிருந்த அனைவரும் அறிவோம்.

அவளுக்கு முன்னால் சுட்டவன் நிகில், ஒரு டாக்டரின் மகன். நல்ல பையன், அவன்மேல் ஒரு குறையும் இல்லை. இருபத்திரண்டு தட்டு உடைத்தான். அவனுக்குச் சொந்தத் துப்பாக்கி வாங்க அப்பா முன்பே ஏற்பாடு செய்திருந்தார்.

கௌசல்யா கடைசியாகச் சுட்டாள். இருபத்திரண்டு தட்டு முடிந்தபோது இருபது உடைத்திருந்தாள். இன்னும் மூன்று பாக்கி.

அந்த நேரம் பார்த்து டீ வந்தது.

ஆமாம், டீ! கேன் வைத்த சைக்கிள் வேலியோரம் வந்து நின்றது. பின்னால் நின்ற பெரிய மனிதர்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். ஒரு பெண்ணின் ஓராண்டு அங்கே மூன்று தட்டில் தொங்குகிறது, இவர்களுக்குச் சர்க்கரை கம்மியா தூக்கலா என்று விசாரணை!

"புல்!" என்றாள். சுட்டாள்.

பின்னால் "ஆங்" இல்லை. "ச்சு" இல்லை. தோளைப் பார்த்தேன்... தோள் அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். எல்லாரும் திரும்பி என் வாயைப் பார்த்தார்கள்.

"இல்லை" என்றேன்.

கௌசல்யா திரும்பினாள். "சார், தூள் வந்துச்சே சார்?"

தூளைக்கூட நான் பார்க்கவில்லை! அவள் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதையே எடுத்து அவளுக்கு எதிராக வைத்தேன். "தூள் கணக்கில்லம்மா. துண்டு விழணும். விழல."

துண்டு விழுந்தது என்று அவள் வாதாடவில்லை. துப்பாக்கி உதைத்த நொடியில் தனக்குச் சரியாகத் தெரிந்தது தூள் மட்டுமே என்பதால், தூள் என்றாள். தெரிந்ததை மட்டும் சொன்ன பிள்ளையிடம், ஒன்றுமே தெரியாத நான் விதி பேசினேன்.

வேலிக்குப் பின்னால் முருகேசன் குரல் கேட்டது. "சார் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். பட்டு இழையவே எண்றவரு. நீ அடுத்தத பாரு."

இருபத்து நான்கு உடைந்தது. இருபத்தைந்து தப்பியது. மொத்தம் இருபத்தொன்று. ஒன்று குறைவு.

இரண்டு நாள் கழித்து முருகேசன் என் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கைப்பேசியை இரண்டு கையாலும் நீட்டினார். டீக்குப் போகாத ஒரே ஆள் அவர்தான். மகள் சுடுவதை வீடியோப் படமாக எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"சண்டைக்கு வர்லீங்க சார். அந்த இருவத்தி மூணாவதுல ஏதோ ஒண்ணு பறக்குது. பாப்பா கேட்டுக்கினே இருக்குது. அது இன்னான்னு நீங்க சொல்லிட்டா அது மனசு ஆறிடும்."

வாங்கிப் பார்த்தேன். எனக்கு அந்தச் சின்னத் திரையில் தெரிந்தது வெளிச்சம் மட்டுமே. வானம் எது, தட்டு எது என்றுகூடப் புரியவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம், இல்லையா? "முருகேசா, எனக்குக் கண் தெரியலப்பா." இவ்வளவுதான். நாலே சொல்!

தோட்டா வெடிக்கும்போது ஈய ரவைகளோடு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் மூடியும் பறந்து வரும். வாட் என்பார்கள். "அது வாட்டுப்பா. தோட்டா மூடி. புதுசா பாக்கறவங்களுக்குத் துண்டு மாதிரிதான் தெரியும்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அதானே பாத்தேன்! தப்பா நெனச்சுக்காதீங்க சார்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர், என்னிடம்! போகும்போது, "எதுக்கும் உங்களுக்கு அனுப்பி வைக்கறேன், சாவகாசமா பாருங்க" என்று அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போனார்.

கௌசல்யா மறுவாரம் வரவில்லை. அதற்கு மறுவாரமும்.

ஐந்து மாதம் கழித்து, வீட்டு நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்ட பிறகு, இரண்டு கண்ணுக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். கட்டுப் பிரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. உட்கார்ந்து அந்தப் படத்தைத் திறந்தேன்.

வெள்ளை மூடி அவளுக்குச் சற்று முன்னால், புல்லில் விழுகிறது. அது தனி. தட்டு வெகு தூரத்தில் பறக்கிறது. அதன் இடப்புறத்திலிருந்து ஓர் ஆரஞ்சுத் துண்டு, நகம் அளவு, பிய்ந்து கீழே இறங்குகிறது. தெளிவாக... அவ்வளவு தெளிவாக! நாற்பத்தொரு முறை பார்த்தேன். நாற்பத்தொரு முறையும் துண்டு விழுந்தது.

பிறகு என்ன செய்தேன் தெரியுமா? கணக்குப் போட்டேன். அந்த ஒன்றைச் சேர்த்தாலும் இருபத்திரண்டுதானே? நிகிலோடு சமம்தானே? மறுபடி இருவரும் சுட வேண்டியிருக்கும், யார் வென்றிருப்பார் என்று யாருக்குத் தெரியும்? இருபத்தைந்தாவதை அவளாகத்தானே தவறவிட்டாள்?

அவளாகவா? ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் அவள் நான்கு மூச்சு விடுவாள். ஆறு மாதம் எண்ணியிருக்கிறேன். இருபத்தைந்தாவதற்கு முன் இரண்டே மூச்சுதான் விட்டாள். மீதி இரண்டு மூச்சைப் பறித்தவன் யார்? இந்தக் கணக்கை எங்கே எழுதுவது?

கிளப்பில் பத்தொன்பது பேரில் இப்போது மூன்று பேர் இருக்கிறார்கள். ஆண்டு விழாவில் வரதன் ஒலிபெருக்கியில் பேசினார்: "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லீங்க. ரெண்டு தாட்டி தோத்தா ஓடிடுறாங்க." எல்லாரும் கை தட்டினார்கள். பொய்! பதினாறு பேர் ஓடினார்களா, நாம் ஓட்டினோமா? பேனரில் அவர்கள் படத்தைப் போட்டுக்கொண்டோம். ஒரு துப்பாக்கியை ஆறு பேருக்குக் கொடுத்தோம். டீயை மட்டும் நேரத்துக்குக் குடித்தோம். எழுந்து நின்று இதைக் கத்த வேண்டும் என்று எனக்குத் தொண்டைவரை வந்தது.

நானும் கை தட்டினேன். ஒன்பது தட்டு.

போன மாதம் மீண்டும் பேனர் வைத்தார்கள். பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள். பதினோராவதாக நின்ற சிறுமியின் தாளை வாங்கினேன். நிவேதா, தந்தை பெயர் முருகேசன். நிமிர்ந்தேன். பக்கத்தில் கௌசல்யா நின்றாள். ஏனாத்தூர்க் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாளாம்.

"என் தங்கச்சி சார். நீங்கதான் எண்ணுவீங்கன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் அப்பா ஒத்துக்கினாரு." தங்கையின் பக்கம் திரும்பி, "சார் தூள்னா தூள். துண்டுன்னா துண்டு. அழுவக் கூடாது, இன்னா?" என்றாள்.

நான் நிவேதாவின் கண் சான்றிதழையும் வாங்கி, பதினொன்று என்று எண் போட்டேன்.

நேற்று முன்தினம் நிவேதாவுக்கு முதல் சுற்று. ஒன்பது தட்டு வரிசையாகத் தப்பியது. உதடு துடித்தது. பத்தாவது தட்டு பறந்தது, சுட்டாள். என் புதிய கண்ணால் பார்த்தேன். ஒரு சாம்பல் புகை மட்டும். துண்டு இல்லை. தட்டு முழுதாகப் போய் முள்வேலிக்கு அப்பால் விழுந்தது.

"துண்டு விழுந்தது!" என்றேன். ஏன் சொன்னேன்? எதைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன்? தாளில் ஒன்று என்று எழுதியும் விட்டேன்.

பின்னாலிருந்து கௌசல்யாவின் குரல் வந்தது.

"சார்... அது வெறும் தூள்தானே சார்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நிவேதா அக்காவை முறைத்தாள். "நீ சும்மா இரு அக்கா! சாரே சொல்லிட்டாரு!"

"தூள்தான்" என்றேன். "நான் தப்பா சொல்லிட்டேன்."

கௌசல்யா பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "உங்களுக்கே தப்பு வருமா சார்?" என்று சிரித்தாள். கிண்டல்தான். அதற்குள் வேறு ஒன்றும் இல்லை. நான் அந்தச் சிரிப்பைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், ஒன்றுமே இல்லை. கைப்பேசி என் சட்டைப் பையில் இருந்தது. அந்தப் படம் அதில் இருந்தது.

"வயசாயிடுச்சில்லம்மா" என்றேன். நானும் சிரித்தேன்!

பிறகு தாளில் அந்த ஒன்றை அடித்து, சுழி போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டேன். நடுவர் திருத்தினால் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. நான் எழுதிய எந்தத் தாளிலும் இதுவரை அடித்தல் வந்ததில்லை. இதுதான் முதல்.

மூன்று ஆண்டுக்கு முந்தைய அந்தத் தாளை நேற்று கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இருபத்தைந்து கட்டங்கள். என் குண்டு குண்டான எழுத்து. இருபத்து மூன்றாவது கட்டத்தில் ஒரு சுழி, வட்டமாக, அழகாக. பேனாவைத் திறந்து வெகு நேரம் வைத்திருந்தேன். மை காய்ந்துவிட்டது. மூடி, கோப்பைக் கட்டி, பழைய இடத்திலேயே வைத்தேன்.

அந்தத் தாளில் இன்னும் ஓர் அடித்தல்கூட இல்லை.